உக்கும் உறையிட்ட நைதரசன் பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடப்படும் யூரியாவில் ஒரு பங்கு பயிரைச் சேர்கின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு கிணற்றைச் சேர்கின்றது. இதனை மிகைக் கூற்றென எண்ணற்க. எமது செம்மண்ணின் கீழே கிடப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றேனும் இன்மையால், நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அக்கல்லிடை தங்கிய நீரையே. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலகூடக் குழிகளும் இதற்குப் பொறுப்பாவன. எனினும் பசளையின் பங்கு சிறிதன்று. இத்தகைய நீரிற் கரைத்த பாலைப் பருகும் பச்சிளங் குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும்.

அவ்வாறாயின் பசளையையே நிறுத்திவிடலாமே என்பார்க்கு 2021ஆம் ஆண்டு விடை கூறிவிட்டது. அவ்வாண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆகவே, இடும் பசளையை வீணாகாது காத்தல் எவ்வாறு என்பதே ஆராயற்பாலது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அது மண்ணில் யூரியேசு என்னும் நொதியத்தாற் பிளவுற்று அமோனியாவாகின்றது. மண்ணின் மேற்பரப்பிற் கிடப்பின் அதில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். எஞ்சிய அமோனியம் நேரேற்றம் உடையதாகலின் எதிரேற்றமுள்ள களித்துணிக்கைகள் அதனைப் பற்றிக் கொள்ளும். ஆனால் பற்றீரியாக்கள் சில நாட்களிலேயே அதனை நைத்திரேற்றாக மாற்றத் தொடங்கும். எதிரேற்றமுள்ள நைத்திரேற்றைக் களி பற்றாது. அடுத்த இறைப்பிலோ மாரி மழையிலோ அது கீழிறங்கும். இரண்டரை மாதப் பயிரின் இளவேர் ஒரே நாளில் இட்டதனைத்தையும் எவ்வாறு உண்ணும்?

யூரியா மணிக்கு மேலுறை இடுவதன் நோக்கம் இதுவே. நீராவி உறையினூடே மெல்ல உட்புகுந்து மணியைக் கரைக்கும். உள்ளே அமுக்கம் பெருகும். கரைசல் நுண்டுளைகளால் வெளியே கசியும். அமெரிக்காவில் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை 1960களிற் கந்தக உறையிட்ட யூரியாவை உருவாக்கிற்று. கந்தகம் மலிவானது, ஆனால் நொறுங்குவது. வெடித்த மணி முழுவதையும் ஒருசேரக் கொட்டிவிடும். பின்னர் வந்த பொலித்தீன் போன்ற பல்பகுதிய உறைகள் வாரக் கணக்கிற் சீராக ஊட்ட வல்லன. யப்பானிய நெற்கமக்காரர் அவற்றைப் பெரிதும் கையாண்டனர்.

ஆனால் பசளை தீர்ந்தபின் கோது எஞ்சியது. வயல் நீரோடு அக்கோதுகள் ஆற்றிலும் கடலிலும் சேர்ந்தன. பிளாத்திக்கு உறையில் தங்கியிராத பசளையை 2030இல் எய்துதல் இலக்கென யப்பானிய விவசாயக் கூட்டுறவு அமைப்பு 2022இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, பசளை உறைகள் உக்குந் தன்மையுடையனவாதல் வேண்டுமென 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விதித்தது.

இங்கேதான் சிக்கல். உறை தன் தொழில் முடியும்வரை உறுதியாய் நிற்றல் வேண்டும். முடிந்தபின் மண்ணுயிர்களுக்கு இரையாதல் வேண்டும். மாப்பொருளும் அல்சினேற்றும் எளிதில் உக்குவன. ஆயின் நீரை உறிஞ்சிப் பருத்து, சின்னாட்களிலேயே யூரியாவை விட்டுவிடுவன. (ஒடியல்மாவும் மாப்பொருளே, அதனையும் இவ்வரிசையிலேயே வைத்தல் தகும்.) நண்டு, இறால் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசான் சற்று மேலானது, எமது களப்புக் கரைகளில் அவ்வோடுகளுக்குக் குறைவில்லை. சோளம் முதலியவற்றிலிருந்து ஆக்கப்படும் பொலிலற்றிக் அமிலம் நீரை நன்கு தடுக்கும். ஆனால் 60 பாகை அளவு சூடேறும் கூட்டெருத் தொழிற்சாலையில் விரைந்து உக்கும் அது, சாதாரண மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். ஆதலின் ‘உக்கும்’ என்ற சொல்லை மாத்திரம் நம்பிப் பை வாங்குதல் கூடாது. எங்கே, எவ்வெப்பத்தில், எத்தனை மாதத்தில் என வினவுதல் வேண்டும். ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கும் உறைகளும் இலிக்னின் கலந்த உறைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. விலையோ இன்றும் பெருந்தடை.

இந்தியா 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதலைக் கட்டாயமாக்கியது. அது வேறு வகை. வேப்பெண்ணெய் கதவை அடைப்பதில்லை. நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களை மந்தப்படுத்துகின்றது. மலிவினால் எமக்கு உடனடியாக ஏற்றது அதுவே என்பது எமது கருத்து.

இன்னுமொன்று. இப்பசளைகளின் ஊட்டுங்காலம் பெரும்பாலும் 25 பாகை நீரிற் சோதித்துக் குறிக்கப்படுவது. பல உறைகளில் வெப்பம் 10 பாகை உயர, கசிவு ஏறத்தாழ இருமடங்காகும். எமது மண்ணோ 25 பாகையினும் வெப்பமானது. பையில் எழுதிய நாட்கணக்கு இங்கே செல்லாது. இதனை மாணவர் தாமே அளந்தறியலாம். உறையிட்ட யூரியாவை நிறுத்து, நைலோன் வலைப் பைகளிற் கட்டி, வெங்காயப் பாத்தியில் நான்கு அங்குல ஆழத்திற் புதைக்குக. வாரம் ஒரு பையாக எடுத்து, மண்ணைத் துடைத்து, உலர்த்தி நிறுக்குக. சில பைகளை எடாது ஓராண்டு விட்டு, அதன்பின் தோண்டிக் கோதுகள் எஞ்சியுள்ளனவா எனப் பார்க்குக.