சி.என்.ஜி. பங்க்ல பங்குதாரர் ஆகப் போறீங்களா? முதல்ல கரண்ட் பில்லைக் கேளுங்க!

போன மாசம் என்கூட வேலை பார்க்கிற ஒரு நண்பர் கேட்டார்: "மச்சான் சி.என்.ஜி. பங்க் நடத்துறார். 15 லட்சம் போட்டா பங்கு தர்றேங்கிறார். பெர்சனல் லோன் எடுத்துப் போடலாமா?" நான் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி: "மாசம் கரண்ட் பில் எவ்வளவு?" அவருக்குத் தெரியலை. பதில் தெரியாம 15 லட்சம் போடக்கூடாது. ஏன்னு பார்ப்போம்.

கரண்ட் எங்கே போகுது?

பெட்ரோல் பங்க்ல டேங்கிலிருந்து பம்ப் பண்ணி ஊத்தினா முடிஞ்சது. சி.என்.ஜி.யில குழாய்ல வர்ற கேஸை கம்ப்ரஸர் சுமார் 250 பார் அழுத்தத்துக்கு அமுக்கணும். அப்பத்தான் வண்டியில 200 பார் வரை நிரப்ப முடியும். பில்லோட பெரும்பகுதி இந்த கம்ப்ரஸருக்குத்தான். லைட்டை எல்லாம் எல்.இ.டி.யா மாத்துறது நல்லதுதான், ஆனா அதுல பெரிசா ஒண்ணும் மிச்சமாகாது.

ஒரு உதாரணக் கணக்கு

(நம்பர்கள் கணக்குக்காக வச்சது. உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கங்க.)

- தினசரி விற்பனை: 4,000 கிலோ
- கிலோவுக்கு 0.25 யூனிட்: தினம் 1,000 யூனிட்
- யூனிட் ரூ.8: மாசம் ரூ.2,40,000
- டிமாண்ட் கட்டணம்: 210 கே.வி.ஏ. × ரூ.500 = ரூ.1,05,000

மொத்தம் ரூ.3,45,000. விற்ற 1,20,000 கிலோவால வகுத்தா, கிலோவுக்கு ரூ.2.88. டீலர் கமிஷன் கிலோவுக்கு இவ்வளவுன்னு ஏற்கெனவே முடிவானது. அதனால இங்க மிச்சமாகிற ஒவ்வொரு பைசாவும் நேரா லாபம்தான்.

1. யார் கட்டுறாங்க?

சில ஒப்பந்தத்துல கம்ப்ரஸர் மின்செலவை கேஸ் கம்பெனியே ஏத்துக்கும், சிலதுல டீலர் தலையில விழும். ஒப்பந்தத்துல இந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க. கம்பெனி கட்டுதுன்னா கீழே உள்ள மிச்சம் எதுவும் உங்க பாக்கெட்டுக்கு வராது.

2. கிலோவுக்கு எத்தனை யூனிட்?

மாசா மாசம் யூனிட்டை, விற்ற கிலோவால வகுத்து எழுதி வைங்க. வண்டிக்கு மைலேஜ் பார்க்கிற மாதிரிதான். 0.25 இருந்தது 0.30 ஆச்சுன்னா, தினம் 200 யூனிட் கூடுதல், மாசம் ரூ.48,000 போச்சு! வால்வு தேய்மானம், கசிவு, தூசி அடைச்ச கூலர், அடைபட்ட ஃபில்டர்னு எங்கயோ கோளாறு இருக்கு.

உள்ளே வர்ற அழுத்தமும் முக்கியம். 20 பார்ல வர வேண்டிய கேஸ் 10 பார்ல வந்தா, அதே 250 பாருக்கு அமுக்க கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் வேலை. இன்லெட் மீட்டரைப் பார்த்துக் குறிச்சு வச்சு கேஸ் கம்பெனிகிட்ட பேசுங்க.

3. டிமாண்ட்ல ஏமாறாதீங்க

"மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது எகிறுற கரண்ட்தான் டிமாண்டை ஏத்துது"ன்னு பலர் சொல்வாங்க. மீட்டர் பதிவு பண்றது அந்த நொடியை இல்ல, 15 அல்லது 30 நிமிஷ சராசரியை. உண்மையில ஏத்துறது ரெண்டு கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடுறது. மாசத்துல ஒரே ஒரு தடவை சேர்ந்து ஓடினாலும் அந்த உச்சத்துக்குத்தான் பில்.

ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு ஓடாம பூட்டு போட்டா 210 கே.வி.ஏ. 120 ஆகுதுன்னு வைங்க. மிச்சம் ரூ.45,000. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. தமிழ்நாட்டு எச்.டி. இணைப்புல ஒப்பந்த டிமாண்ட்ல 90 சதவீதத்துக்காவது கட்டியே ஆகணும். ஒப்பந்தம் 220 கே.வி.ஏ.ன்னா குறைஞ்சது 198-க்கு பில் வரும், மிச்சம் வெறும் ரூ.6,000. அதனால ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு, ஒப்பந்த டிமாண்டையும் 130-க்குக் குறைக்க விண்ணப்பிக்கணும். அப்பத்தான் முழுசா கிடைக்கும். கிலோவுக்கு ரூ.2.88 ஆனது ரூ.2.50 ஆகும்.

எச்சரிக்கை: சாயங்கால ரஷ்ல ஆட்டோக்கள் வரிசையில நின்னு அலுத்துப்போய் வேற பங்குக்குப் போனா, மிச்சத்தை விட நஷ்டம் அதிகம். வரிசையைப் பார்த்துட்டு முடிவெடுங்க.

4. நேரம் பார்த்து நிரப்புங்க

2023-ல மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தம், சூரிய ஒளி நேரத்துல கட்டணம் குறைவாவும் உச்ச நேரத்துல அதிகமாவும் இருக்கணும்னு சொல்லுது. உங்க மாநில ஆணையத்தோட நேரம், விகிதத்தைப் பாருங்க. உச்ச நேரம் தொடங்குறதுக்கு முன்னாடியே சேமிப்பு சிலிண்டர்களை முழுசா நிரப்பி வைக்கலாம். சில நூறு கிலோதான் அதுல நிக்கும். அதனால மாசம் சில ஆயிரம்தான் மிச்சம். ஆனா செலவே இல்லாத மிச்சம்!

நண்பர் என்ன செஞ்சார்?

ஒரு வருஷ பில்லைக் கேட்டார். மச்சானுக்கு முதல்ல கொஞ்சம் வருத்தம்தான். சொந்தத்துக்குள்ள கணக்கு கேட்டா அப்படித்தான் இருக்கும். பில்லைப் பார்த்தப்போ, ஒப்பந்த டிமாண்ட் தேவையை விட ரொம்ப அதிகம்னு தெரிஞ்சது. இப்போ மச்சான் அதைக் குறைக்க விண்ணப்பிச்சிருக்கார். நண்பர் லோன் எடுக்கலை. ஆறு மாச கணக்கைப் பார்த்துட்டு, கையில இருக்கிற பணத்துல சின்னப் பங்கா போடலாம்னு முடிவு பண்ணியிருக்கார்.

எந்தத் தொழில்லயும் பணம் போடுறதுக்கு முன்னாடி "எவ்வளவு லாபம்?"னு மட்டும் கேட்காதீங்க. "ஒரு கிலோவுக்கு, ஒரு பீஸுக்கு என்ன செலவு? அதைக் குறைக்க என்ன பண்றீங்க?"ன்னு கேளுங்க. இதுக்கு பதில் சொல்லத் தெரிஞ்சவர்கிட்ட உங்க சம்பளப் பணத்தைக் கொடுக்கலாமான்னு அப்புறம் யோசிக்கலாம்.

பில்லை வரிவரியா எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.