பிடி மாவும் பிடி அரிசியும்



“எங்களுக்கே போதவில்லை சுவாமி, நாங்கள் என்னத்தைக் கொடுப்பது?” என்று சொல்லும் வீடுகள் பல. இது வெறும் சாக்கு அல்ல. வள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவன் வீட்டில், வேலையுள்ள நாளில் அடுப்பு எரியும். இல்லாத நாளில் கடன் ஏறும். அப்படிப்பட்டவர்களிடம் தேவ பராமரிப்பை நம்புங்கள் என்று சொல்வது எளிது. நம்புவது எப்படி?

வேதாகமத்தில் சரேப்தா ஊர் விதவையைப் பாருங்கள். மழையின்றி நாடு வறண்ட காலம். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும், கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே. அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாவதென்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே வந்த எலியாஸ் தீர்க்கதரிசி, முதலில் தமக்கு ஒரு சிறு அப்பம் சுட்டுத் தரச் சொன்னார். மழை பெய்யும் நாள்வரை மாவும் எண்ணெயும் தீராது என்று ஆண்டவர் பெயரால் வாக்கும் கொடுத்தார். அவள் நம்பிக் கொடுத்தாள்.

இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். சர்வேசுரன் அவளிடம் இல்லாததைக் கேட்கவில்லை. இருந்த ஒரு பிடியைக் கேட்டார். அன்றியும், அவள் பானை நிரம்பி வழிந்ததாக வேதாகமம் சொல்லவில்லை. தீர்ந்துபோகவில்லை என்றே சொல்லுகிறது. தேவனுடைய நிறைவு பெரும்பாலும் களஞ்சியமாக வருவதில்லை, அன்றன்றைய அப்பமாகவே வருகிறது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் இதே பாடத்தைச் செயலில் காட்டியவர் அர்ச். குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா (1805–1871). கோவில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1864-ல் கட்டளையிட்டார். ஆனால் பசித்த பிள்ளை எப்படிப் படிக்கும்? ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக, சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும்படி குடும்பங்களைக் கேட்டார். பணக்காரர் வாசலில் காத்திராமல், சாதாரணத் தாய்மாரின் கைப்பிடியை நம்பினார். 2014-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தது. தூரத்து மிசோரம் மலைகளிலும் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இவ்வாறே பிடி அரிசி சேர்த்துத் திருப்பணி செய்து வருகிறார்கள்.

கணக்கும் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூறு வீடுகள் நாளுக்கு ஒரு பிடி எடுத்தால் 5 கிலோ. முப்பது நாளில் 150 கிலோ. எந்த வீட்டிலும் உலை குறைந்ததாகத் தெரியாது.

ஆனால் எச்சரிக்கை! இது சர்வேசுரனோடு பேரம் பேசுவதல்ல. பத்துக் கொடுத்தால் நூறு வரும் என்று எண்ணிக் கொடுப்பது வியாபாரம், விசுவாசமல்ல. கடன் வாங்கிக் காணிக்கை போடுவதும், பிள்ளையின் மருந்துக் காசைக் கொடுத்துவிடுவதும் தேவ பராமரிப்பை நம்புவதாகாது. வேலை தேடாமல் சும்மா இருப்பதும் அப்படியே.

இன்று கொடுக்க ஒன்றுமேயில்லாத குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டார் தரும் அரிசியை வாங்க வெட்கப்படாதீர்கள். எலியாஸ் தீர்க்கதரிசியே ஒரு ஏழை விதவையின் கையால் வாங்கி உண்டார். இன்று வாங்குகிற கை நாளை கொடுக்கும்.

இவ்வாரத் தீர்மானம்: தாய்மாரே, அரிசியைக் களையுமுன் ஒரு பிடி தனியே எடுத்து வையுங்கள். அப்போது பிள்ளைகளோடு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். சனிக்கிழமையன்று, உங்கள் தெருவில் வேலையிழந்தவரோ நோயாளியோ இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. கொடுக்கும் பழக்கம் அந்தக் கையிலும் வளரும்.