கொக்கோக் காயின் சிவப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

இரத்தோட்டை வீட்டுத் தோட்டத்திலே அருகருகே நிற்கும் இரண்டு கொக்கோ மரங்களில் ஒன்று சிவந்த காயும் மற்றது பச்சைக் காயும் காய்ப்பது ஏன் என்றும், சிவப்புக்குரிய பரம்பரையலகு பச்சை மரத்தில் இல்லாமற் போயிற்றா என்றும் கேட்டிருந்தாய். மாத்தளைக்கு வருவோர் மிளகையும் கறுவாவையும் விசாரித்துவிட்டுக் கொக்கோவைப் பாராமலே கடந்து போவது வழக்கமாயிருக்க, நீ நின்று பார்த்தாய் என்பதில் எனக்கு மிக்க சந்தோஷம்.

இல்லாமற் போகவில்லை. ஒரு மரத்தின் வேரிலும் இலையிலும் பூவிலும் உள்ள கலங்கள் யாவும் டீ.என்.ஏ. என்னும் ஒரே கிரந்தத்தைத் தம் கருவினுள் வைத்திருந்தும், வேர் பூப்பதில்லை, பூ மண்ணில் நீர் உறிஞ்சுவதில்லை. ஏனெனில் கிரந்தம் இருப்பது வேறு, அதில் இன்ன ஏடு இன்ன வேளையில் விரித்துப் பிரதியெடுக்கப்படுவது வேறு. ஏட்டை விரிப்பிக்கும் அதிகாரம் சில புரதங்களுக்கு உண்டு. அவற்றுள் ஒரு பெரிய வம்சம் 'மிப்'. சுமார் ஐம்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மடிப்பே இவ்வமிசத்தின் குலச்சின்னம். மூன்று சுருள்களாய் அமைந்த அம்மடிப்பின் மூன்றாஞ் சுருள் டீ.என்.ஏ.யின் பள்ளத்திலே பொருந்தி, தனக்குரிய எழுத்துக்களைத் தடவி அறிகிறது.

இதன் கண்டுபிடிப்பு விசித்திரமானது. கோழிகளுக்கு இரத்தப் புற்றுநோய் விளைக்கும் ஒரு வைரசிலேதான் இவ்வமிசத்தின் முதற் பரம்பரையலகு அறியப்பட்டது. பின்னர், சோள மணிகளின் ஊதா நிறத்தை ஆளும் 'சி1' என்ற பரம்பரையலகை ஆராய்ந்தவர்கள், அது ஆக்கும் புரதம் அதே குலத்தது என 1987இல் வெளியிட்டார்கள். இடம்விட்டு இடம் தாவும் பரம்பரையலகுகளைச் சோள மணியின் புள்ளிகளிலே கண்டு 1983இல் நோபல் பரிசு பெற்ற பார்பரா மக்கிளின்ரொக் அம்மையார் பல்லாண்டு உற்று நோக்கியதும் இந்தச் 'சி1' நிறத்தானத்தையே. கோழியின் குருதியும் சோளத்தின் நிறமும் ஒரே குலத்தாரின் ஆளுகையில் இருப்பதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

மனிதரிடம் இவ்வமிசத்தார் மூவரே; அரபிடொப்சிஸ் என்னும் சிறு பூண்டிலோ, அம்மடிப்பு இரண்டு உடையவை மாத்திரமே 120க்கு மேல். இலையின் உரோமம், தண்டின் மரத்தன்மை, பூவின் வர்ணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரிகள். நிறத்துக்குரியது வேறிரண்டு வகைப் புரதங்களோடு கூடிநின்றே அந்தோசயனின் என்னும் சாயத்தை ஆக்கும் நொதியங்களின் ஏடுகளை விரிப்பிக்கிறது.

இனி உன் கொக்கோ. அதன் பரம்பரைக் கிரந்தத்தை முற்றாய் வாசித்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், காயின் நிறபேதத்துக்குக் காரணமாகத் தோன்றுவது 'மிப்113' என்று சுட்டினார்கள். அந்தப் பரம்பரையலகின் பிரதியை வெட்டி அழிக்கவல்ல ஒரு சிறு ஆர்.என்.ஏ. வந்து ஒட்டும் இடத்திலே ஓரெழுத்து மாறியிருக்கிறது. அந்த ஓரெழுத்தினால் பிரதிகளின் தொகை கூடவோ குறையவோ, காய் சிவக்கிறது அல்லது பச்சையாகவே நிற்கிறது. உன் இரு மரங்களின் பேதமும் இவ்வகையினதே என்பது என் அபிப்பிராயம்.

பச்சைக் காய் மரத்தின் கொழுந்தையும் பார். சிவந்திருந்தால், சாயம் ஆக்கத் தெரிந்த மரமே காயில் மாத்திரம் அதை அடக்கி வைத்திருக்கிறது என்பது உனக்குப் பிரத்தியட்சமாகும். ஒரு கொழுந்தின் காம்பிலே நூல் கட்டி, அது எத்தனை நாளில் பச்சையாகிறது என்று குறித்து எழுது.

இப்படிக்கு,
உன் மாமா