ருஷ்ய மொழி படிக்கப்போகும் மருமகளுக்கு

வன்னியம்பட்டி

அன்புள்ள கயலுக்கு, மாமா எழுதுவது.

பி.ஏ. ஆங்கிலம் முடித்ததும் ருஷ்ய இலக்கியத்தில் மேல்படிப்பு என்று நிற்கிறாயாம். "பி.எட். முடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாத்தியார் வேலை பார்க்கலாம், நீங்க சொல்லுங்கண்ணே" என்று உன் அம்மா போனில் பிராது வைத்தாள். நான் உன் கட்சிதான். ஆனால் நாவல் படித்த மயக்கம் மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது.

நாம் தமிழில் படித்த ருஷ்ய நாவல்களில் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. ரகுநாதனின் 'தாய்', எம். ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' எல்லாம் அப்படித்தான். அவர்கள் செய்தது பெரிய தொண்டு. ஆனால் அந்தப் பக்கத்து அறிஞர்கள் தமிழுக்கு நேராகவே வந்தார்கள். பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி 1960-இலேயே மாஸ்கோவில் அச்சாகிவிட்டது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் துப்யான்ஸ்கி 2020-இல் காலமாகும்வரை தமிழ்ப் பணி செய்தார். பிராகில் கமில் சுவலபில் சங்க இலக்கியத்தைச் செக் வாசகர்களுக்குக் கொண்டுபோனார். இங்கிருந்து அதே மாதிரி நேராகப் போனவர்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பதே உன் படிப்பின் நோக்கமாக இருக்கட்டும்.

ருஷ்ய எம்.ஏ. என்பது மொழி தெரிந்தவர்களுக்கான படிப்பு. எழுத்துக்கூட்டப் பழகும் இடமல்ல. ஆகவே அடித்தளம் முதலில். சென்னையில் ருஷ்யப் பண்பாட்டு மையம் மொழி வகுப்பு நடத்துகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சிலாவிய மொழித் துறையில் ருஷ்யத்தோடு போலிஷ், செக், பல்கேரிய மொழிகளும் உண்டு. 1965-இல் தொடங்கிய ருஷ்ய ஆய்வு நிறுவனத்தின் வழியில் வந்தது ஜே.என்.யு.வின் ருஷ்ய மையம்; அங்கே பி.ஏ.விலிருந்தே தொடங்கலாம். மறுபடி ஒரு பி.ஏ.வா என்று கூச்சப்படாதே. ஹைதராபாத்தின் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையும் (இஃப்ளு) பார். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் நீயே படித்துக்கொள்; பிறர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதே.

மொழியைக் கண்டு மலைக்காதே. ருஷ்யத்தில் வேற்றுமை ஆறு. எட்டு வேற்றுமை ஒப்பித்தவளுக்கு அது புதிதல்ல. 'இது வீடு' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் வினைச்சொல் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். சிரமம் வினையில் இருக்கிறது. செய்துகொண்டிருந்ததற்கும் செய்து முடித்ததற்கும் தனித்தனி வினை; நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் வேறு வேறு சொல். இதெல்லாம் தினமும் உட்கார்ந்து எழுதினால்தான் கைக்கு வரும்.

பிழைப்பைப் பற்றி அம்மா கேட்பது நியாயம். யு.ஜி.சி. நெட் தேர்வில் ருஷ்யமும் ஒரு பாடம், ஆனால் கல்லூரிப் பணியிடங்கள் சொற்பம். 1988 இந்திய–சோவியத் ஒப்பந்தத்தில் பிறந்த கூடங்குளம் அணுமின் நிலையம் நம் தெற்கிலேயே இருக்கிறது; அப்படிப்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளர் தேவை. அதற்கு இலக்கியம் மட்டும் போதாது, தொழில்நுட்பச் சொற்களும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே படி.

தமிழை மட்டும் விட்டுவிடாதே. எவ்வளவு ருஷ்யம் தெரிந்தாலும் தமிழ் வாக்கியம் சரியாக வராவிட்டால் மொழிபெயர்ப்பு நிற்காது. இரண்டாம் ஆண்டிலிருந்தே செகாவின் சிறுகதை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இந்த விடுமுறையில் ருஷ்ய மொழியின் முப்பத்து மூன்று எழுத்துகளைப் படித்து முடி. அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் விண்ணப்பம் போடு.

அன்புடன்,
மாமா