நான்கு நிமிடங்கள்

ஓட்டப் பந்தய வீரர் தம் கால்களை நம்பிக் களம் இறங்குகிறார். மட்டைப்பந்து வீரர் தமக்குப் பழகிய மட்டையுடன் ஆடுகிறார். முன்பின் அறியாத ஓர் உயிரின் முதுகில் அமர்ந்து, அதனோடு இணைந்து வெல்ல வேண்டிய விளையாட்டும் ஒன்று உண்டு. அதுவே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் நடைபெறும் குதிரையேற்றப் போட்டி. அப்போட்டியை நோக்கி இளம் வீராங்கனை ஒருத்தி செல்லும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

இலாயத்தில் தொடங்கும் கல்வி

அந்நாட்டுச் சிறுமியர் பலர் ஏழெட்டு வயதில் மட்டக்குதிரையில் ஏறிப் பழகத் தொடங்குகின்றனர். ஏறுவதற்கு முன்னரே கற்க வேண்டியவை பல. குதிரையின் உடலைத் தேய்த்துத் துலக்குதல், குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் அகற்றுதல், சேணத்தைச் சரியாகப் பூட்டுதல், இலாயத்தைத் தூய்மை செய்தல் ஆகியன முதற்பாடங்கள். அதன் பின்னரே நடை, துள்ளுநடை, பாய்ச்சல் என்று பயிற்சி வளர்கிறது. தலைக்கவசம் அணியாமல் சிறுவர் எவரும் சேணத்தில் அமர்தல் கூடாது.

வளர்ந்த குதிரை ஏறத்தாழ 500 கிலோகிராம் எடை உடையது. அதனை வலிமையால் அடக்க எவராலும் இயலாது. அமர்ந்திருக்கும் நிலை, கால்களின் மெல்லிய அழுத்தம், கடிவாள வாரைப் பிடிக்கும் கையின் மென்மை ஆகியவற்றால் குதிரையுடன் பேச வேண்டும். குதிரையும் தன் காதுகளின் அசைவாலும் உடலின் இறுக்கத்தாலும் மறுமொழி கூறும்.

வெற்றி யாருடையது?

குதிரை வளர்ப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். விலை ஒருபுறம் இருக்க, தீவனம், இலாய வாடகை, இலாடம், மருத்துவம், போட்டி நடைபெறும் ஊருக்குக் கொண்டுசெல்லும் வண்டி எனச் செலவுகள் நீளும். எனவே, சொந்தக் குதிரை இல்லாத சிறுவர் சிலர் இலாய வேலைகளைச் செய்து, அதற்கு ஈடாகப் பயிற்சி பெறுகின்றனர். நாள்தோறும் ஒரே குதிரையுடன் பழகியவரோடு இவர்கள் போட்டியிட நேரும்போது, வெற்றி திறமையினால் வந்ததா, குதிரையின் விலையினால் வந்ததா என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் விடை கண்டார். 1967ஆம் ஆண்டு, ஃபேர்லே டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், கல்லூரிகளுக்கு இடையிலான குதிரையேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் போட்டிகளுக்கு எவரும் தம் குதிரையைக் கொண்டு வருவதில்லை. போட்டியை நடத்தும் கல்லூரியே குதிரைகளை அளிக்கும். யாருக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஆடவரும் மகளிரும் ஒன்றாகவே போட்டியிடுவர். புதிதாகப் பயில்வோருக்கும் தேர்ந்தவருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. தொடக்கநிலை வீரர் தம் அணிக்காகப் பெறும் புள்ளிக்கும் தேர்ந்தவர் பெறும் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. 2002ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்கும் இத்தகைய கழகம் ஒன்று தோன்றியது.

இருவர், ஒரு குதிரை

ஆபர்ன், ஜார்ஜியா முதலிய பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் மற்றொரு முறையில் மோதுகின்றன. இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவராக இரு வீராங்கனையர், ஒரே குதிரையில் ஒருவர் பின் ஒருவராக ஏறுகின்றனர். குதிரையுடன் பழக ஒவ்வொருவருக்கும் கிடைப்பவை நான்கு நிமிடங்களே! இந்தக் குதிரை விரைய விரும்புமா, தயங்குமா? வலப்புறம் எளிதில் திரும்புமா? கைப்பிடி சற்று இறுகினால் சினம் கொள்ளுமா? இவற்றை எல்லாம் அதற்குள் உணர வேண்டும். பின்னர் நடுவர் முன்னிலையில் தடைகளைத் தாண்டியோ, வகுத்த வழியில் செலுத்தியோ காட்ட வேண்டும். அதிக மதிப்பெண் பெறுபவரே அணிக்குப் புள்ளி ஈட்டுவார். குதிரை இருவருக்கும் பொது ஆதலால், தோற்றவர் குதிரையின் மீது பழி கூற இயலாது.

இந்த அணிகளில் இடம்பெற விழையும் மாணவி, தான் குதிரை செலுத்தும் காணொளிகளைப் பயிற்றுநர்களுக்கு அனுப்புகிறாள். குதிரையேற்றம் மட்டும் போதாது. முதல்நிலைப் பல்கலைக்கழக அணிகளில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, உரிய மதிப்பெண்ணும் பெற வேண்டும். கல்வி உதவித்தொகையும் பெரும்பாலும் பலருக்குப் பகுத்தே வழங்கப்படுவதால், முழுத்தொகை கிடைப்பது அரிது.

கல்லூரிக்குச் செல்லும் நாளில் மற்றொரு பிரிவும் காத்திருக்கிறது. பல ஆண்டுகள் தன்னைச் சுமந்த குதிரையை விற்றோ, பிறரிடம் ஒப்படைத்தோ செல்வோர் பலர். அந்தக் குதிரையின் பிடரி மயிரைத் தடவி விடைபெறுவது எளிதன்று. ஆயினும் பொறுமையையும் கையின் மென்மையையும் கற்றுக் கொடுத்தது அக்குதிரையே. அடுத்த குதிரையின் அருகில் செல்லும்போது அவள் உடன்கொண்டு செல்வது அக்கல்வியைத்தான்.

சொல்லும் பொருளும்

இலாயம் – குதிரை கட்டும் இடம்
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
இலாடம் – குளம்பில் அடிக்கும் இரும்புத் தகடு
மட்டக்குதிரை – உயரம் குறைந்த குதிரை வகை
ஈடாக – பதிலாக

அறிந்துகொள்க: பரி, புரவி, இவுளி ஆகியனவும் குதிரையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களே.

பயிற்சி

1. குதிரையில் ஏறும் முன் கற்க வேண்டிய பணிகள் யாவை?
2. சொந்தக் குதிரையைக் கொண்டு வரக் கூடாது என்னும் விதி எக்குறையை நீக்குகிறது?
3. "தோற்றவர் குதிரையின் மீது பழி கூற இயலாது" – காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: குதிரையேற்றம், முதற்பாடங்கள், கைப்பிடி.
5. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் நீங்கள் புதிய பள்ளியில் சேர்ந்த முதல் நாளை நினைவுகூர்க. அங்கு முதலில் எதனைக் கவனித்தீர்கள்? பழைய பள்ளியில் கற்ற எது உங்களுக்குத் துணைநின்றது? பத்து வரிகளில் எழுதுக.