ஊரைப் படிக்கும் படிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படிக்க இடம் கிடைத்தும், சென்னைக்குப் போக முடியவில்லையே என்று வருந்தி எழுதியிருந்தாய். பெரிய பத்திரிகை அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன; பயிற்சிக்கான வாய்ப்பும் அங்கே கூடுதல்தான். ஆனால் செய்தி அலுவலகத்தில் பிறப்பதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்பது அந்தப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செய்தியாக்கும் முறையைத்தான் நீ இனிக் கற்க வேண்டும்.

தாமிரபரணியிலேயே தொடங்கு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை அது தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். ஒரு கால்வாயைத் தேர்ந்தெடு. அதைத் தூர்வார எவ்வளவு பணம் செலவானது, எந்த மாதத்தில் வேலை முடிந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடு. கட்டணம் பத்து ரூபாய். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்.

பதில் வந்ததும் அதை அப்படியே செய்தியாக்கிவிடாதே. காகிதத்தோடு கால்வாய்க்கரைக்குப் போ. தலைமடை விவசாயியிடம் கேட்டதையே கடைமடை விவசாயியிடமும் கேள். இருவரும் சொல்வது மாறுபட்டால் அந்த இடத்தைத்தான் துருவ வேண்டும். பிறகு பொறியாளரிடம் போய் அவர் விளக்கத்தையும் வாங்கு. பெயர், தேதி, தொகை மூன்றையும் மறுபடி சரிபார்த்த பின்பே எழுத உட்கார்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990களில் ராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட வறிய மாவட்டங்களில் சுற்றி எழுதிய செய்திகள் 1996-இல் நூலாக வந்தன. இன்றும் இதழியல் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களில் பொறுமையாகக் கேட்டறிந்ததே அந்த எழுத்தின் பலம்.

தமிழில் பிழையில்லாமல் எழுதப் பழகு. அரசாணைகளையும் தீர்ப்புகளையும் படிக்குமளவு ஆங்கிலமும் கற்றுக்கொள். அரசுப் பல்கலைக்கழகம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. அந்த மக்களின் சேதியைப் பிழையின்றி உலகுக்குச் சொல்வதே நீ அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு. தயங்காமல் சேர்ந்து படி.

அன்புடன்,
உன் அண்ணன்