கனோவில் எழும்பி நின்றவன்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அல்கொன்குவின் காட்டில், ஒரு மே மாதக் கடைசியில், மூன்று விநாடிக்குள் கரைந்துபோனது.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணித்தியால ஓட்டம். ஒன்ராறியோ மாகாணம் 1893இல் ஒதுக்கிவைத்த காடு அது. உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். நானும் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானும் கனோ லேக் கரையில் ஒரு கனோவை வாடகைக்கு எடுத்தோம். கூடவே தந்த லைஃப் ஜாக்கெட்டுகளை மெத்தையாகப் போட்டு அவற்றின் மேல் குந்திக்கொண்டோம். ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். போட்டிருக்க வேண்டும் என்பது அன்று பின்னேரம் நான் இயற்றிக்கொண்ட சட்டம்.

எங்கள் ஊர்ப் பண்ணைக் கடலில் வள்ளம் விடுகிறவர்கள் நின்றபடிதான் மரக்கோல் ஊன்றுவார்கள். அகலமான வள்ளம், ஆழமில்லாத தண்ணீர். விழுந்தாலும் நடந்தே கரைக்கு வரலாம். அன்று ஏரியில் தூண்டிலில் மீன் கொளுவி, தங்கூசி விறைத்து இழுத்ததும் என் கால்கள் பழைய பழக்கத்தில் தாமாகவே எழும்பிவிட்டன. "இரடா, இரடா!" என்று மச்சான் கத்தியது பாதியில் அறுந்தது. இருவரும் தண்ணீருக்குள்.

நீந்தத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அந்த ஏரியின் பனிக்கட்டி உருகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது; வாய் என்னைக் கேளாமலே திறந்து திறந்து மூச்சை இழுத்தது. மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். முதல் நிமிடத்தில் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது மட்டுமே வேலை. கரை கிட்டத்தில் இருந்ததால், கவிழ்ந்த கனோவைப் பிடித்தபடி காலால் உதைத்துத் தப்பினோம். தூண்டில் தடி, மீன், மச்சானின் தொலைபேசி எல்லாம் ஏரிக்கு.

இதே ஏரியில்தான் 1917 யூலை 8ஆம் திகதி ஓவியர் ரொம் தொம்சன் தனியாகக் கனோவில் போனார். கவிழ்ந்த கனோ முதலில் கிடைத்தது, எட்டு நாள் கழித்து உடல். அவர் அங்கே வழிகாட்டியாகவும் வேலை பார்த்தவர், காட்டை அறிந்தவர். நடந்தது என்ன என்று இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் இடமில்லை. ஆனால் அவருடைய நினைவுக் கற்குவியலைத் தாண்டும்போது லைஃப் ஜாக்கெட் வார்களை ஒருக்கால் இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டோம். காற்று வந்தால் இருக்கையை விட்டு இறங்கி, முழங்காலைப் பரப்பி அடியில் ஊன்றிவிடுவேன். பாரமெல்லாம் நடுவில், தாழ்வாக. குறுக்கே வெட்டி ஓடுவது சுருக்குவழிதான். நாங்கள் கரையோரமாகவே போவோம். கனோ லேக்கிலிருந்து ஜோ லேக் போக, கனோவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு 300 மீட்டருக்கும் குறைவாக நடந்தால் போதும். அந்த நடையிலேயே, கொண்டுவந்த சாமான்களில் பாதி வேண்டாதவை என்பது தோளுக்கு விளங்கிவிடும்.

மீனைப் பொறுத்தவரை ஊர் அறிவு பாதிதான் உதவும். சின்ன மீனை உயிரோடு கொளுவித் தூண்டில் போடுகிற வேலை அங்கே ஆகாது. அந்தக் காட்டுக்குள் உயிர் மீன் இரையை வைத்திருப்பதே தடை. தப்பிய இரைமீன் ஏரியில் பெருகினால், அங்கே பிறந்த ட்ரௌட்டுக்குச் சாப்பாடு மிஞ்சாது. மண்புழு போதும். லேக் ட்ரௌட் மே மாதத்தில் மேல்தண்ணீரிலேயே திரியும். யூலையில் குளிர் தேடி அடிக்குப் போய்விடும். அப்போது பாறையோரம் பாஸ் மீனுக்குப் போடுவதே புத்தி. மீன்பிடி அனுமதிப்பத்திரம் சட்டைப்பையில் இருக்கட்டும், நனையாத உறையில்.

சாப்பாட்டில்தான் நாங்கள் அதிகம் முட்டாள்களானோம். உள்ளே தகரப் பேணிக்கும் போத்தலுக்கும் அனுமதியில்லை என்று தெரியாமல், தேங்காய்ப்பால் பேணி நாலும் மீன் டின் ஆறும் கட்டி வந்திருந்தோம். எல்லாம் காரிலேயே கிடந்தன. இப்போது தேங்காய்ப்பால் மாவு, சொதி மோசமில்லை. இன்னொரு தடவை மச்சான் கருவாடு கொண்டுவந்தான். கரடி உலவும் காட்டில் கருவாடு! பொரித்த வாசம் கூடாரத்துணியிலேயே ஏறிவிட்டது. விடியும் வரை ஒவ்வொரு சுள்ளி முறியும் சத்தத்துக்கும் எழும்பி இருந்தோம். போதாதற்கு ஏரியில் லூன் பறவையின் ஒப்பாரி வேறு. சமைக்கிற இடம் கூடாரத்துக்கு எட்ட இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையை, பற்பசை உட்பட, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றை எறியுங்கள். இருட்டில் எறிந்த கல் என் தலைக்குத்தான் வந்தது.

மே கடைசியும் ஜூனும் கறுப்பு இலையான், நுளம்பு காலம். பிள்ளைகளோடு போவதென்றால் ஓகஸ்ட் கடைசிதான் என் தெரிவு. ஐந்து மாதம் முன்பே இடம் பதிவுசெய்யலாம்.

போன வருடம் ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். "பெரியப்பா, எழும்பி நிக்கக் கூடாது," என்று நான் தொடங்குமுன்னே, அவர் கனோவின் அடியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் மர உச்சிகளைப் பார்த்தார்.

"தம்பி, மத்தியானத்துக்கு முந்திக் கரைக்குத் திருப்பு. கச்சான் காத்து எழும்பப் போகுது."

இரண்டு மணிக்கு ஏரி முழுக்க வெள்ளை நுரை. நாங்கள் கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.